யாரும் பார்க்காத கால்

“என்னை விடுவிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் போலந்துக்கு ஆடப் போறேன்.”

இதை மட்டும் வாய்திறந்து கேட்டுவிடாதே என்று உல்யானாவுக்குச் சொல்லாதவர்கள் ரஷ்யாவின் பெர்ம் நகரத்துப் பனிச்சறுக்கு நடன அரங்கில் யாருமில்லை. கேட்டவர்களைச் சங்கம் வெளியே விடாது, உள்ளே ஆடவும் விடாது. வயதாகும்வரை ஓரத்தில் உட்கார வைத்துவிடும். ஆட்ட உடைகளுக்கு மணி தைத்தே கண் மங்கிப்போன அம்மா, நேற்றும் தொலைபேசியில் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் எலுமிச்சைத் துண்டு மிதந்த தேநீரோடு ரிம்மா பெத்ரோவ்னா உட்கார்ந்திருந்தாள். பயிற்சி கொடுப்பவளும் அவள்தான், சங்கத்தின் முத்திரையை இழுப்பறையில் வைத்திருப்பவளும் அவள்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது.

“நொண்டிக்கிட்டே போலந்துக்கா? முதல்ல அந்த ஊன்றுகோலை உன் அளவுக்கு இறக்கி வெச்சுக்க. தோள் ரெண்டும் காதுல இடிக்குது. கொடியில காயப்போட்ட துணி மாதிரி தொங்கறே.”

உல்யானாவின் இரண்டு அக்குளிலும் ஊன்றுகோல்கள். வலது கணுக்காலில் தடித்த பட்டைக்கட்டு. அறையில் இருந்த இன்னொரு நாற்காலியில் அவளுடைய ஜோடி கிளெப், ஒரு காலை நீட்டிக்கொண்டு சாவகாசமாகச் சாய்ந்திருந்தான். சிறுவயதிலிருந்து அவளோடு கைகோர்த்து ஆடுகிறவன். ‘நீ உட்காரு’ என்று எழுந்திருக்கக்கூட இல்லை.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் அவளைத் தூக்கிச் சுற்றும்போது இருவரும் ஒரே குவியலாக விழுந்தார்கள். அரங்கில் வேறு யாருமில்லை. மறுநாள் உல்யானா ஊன்றுகோலோடு வந்தாள்.

“இந்தக் காலை இதுவரைக்கும் ஒருத்தராவது பாத்தீங்களா?” என்றாள். “ஒரு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினீங்களா? வலிக்குதான்னு ஒரு வார்த்தை? அடுத்த வாரமே அந்தப் புதுப் பொண்ணு மிலானாவை இவன் பக்கத்துல நிக்க வெச்சு உயரம் பொருந்துதான்னு பாத்தீங்க!”

“பாக்காம? பொண்ணுக்குக் கால் போனா வாசல்ல இன்னும் பத்துப் பொண்ணுங்க நிக்கறாங்க. பையன் கிடைக்கறதுதான் குதிரைக்கொம்பு. இவனுக்கு ஒண்ணு ஆகியிருந்தா அணிப் பட்டியல்ல இவன் பேரையே அடிச்சிருப்பாங்க, நானும் வீட்டுக்குப் போயிருப்பேன். நல்ல வேளை, அடிபட்டது உனக்கு.”

அந்த ‘நல்ல வேளை’ உல்யானாவுக்குச் சுருக்கென்றது. அவள் கிளெபைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“உல்யா, கொஞ்ச நாள் பொறுத்துக்கோன்னுதானே கேட்டேன்…”

“பொறுத்தேன். நீ சொன்னபடியெல்லாம் கேட்டேன். நீ என்ன செஞ்சே? திங்கட்கிழமை மிலானாவோட ஆடிப் பாக்கறேன்னு தலையாட்டிட்டு வந்திருக்கே.”

“நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?”

“வாயாலதான்.”

ரிம்மா மேசையைத் தட்டினாள். “அவனை ஏன் கரிச்சுக் கொட்டறே? ஜோடி இல்லாம தனியா ஓரமாச் சுத்திச் சுத்தி அவனே சோம்பேறி ஆயிட்டான். உக்காந்திருக்கற லட்சணத்தைப் பாரு. மிலானா வந்தா தானா நிமிந்துடுவான்.”

“அப்ப நான் எதுக்கு? கையெழுத்துப் போடுங்க.”

“போலந்துல உன்னை எவன் சேத்துப்பான்?”

“காஸ்பர்னு ஒருத்தன். அவன் ஜோடி கல்யாணம் பண்ணிக்கிட்டு ஆட்டத்தை விட்டுட்டா.”

“உன் காலைப் பத்தி அவனுக்குத் தெரியுமா?”

“ஒண்ணு விடாம சொல்லிட்டேன்.”

“பாவம் அந்தப் பையன்,” என்று சிரித்தபடி ரிம்மா இழுப்பறையைத் திறந்தாள். “நாடு மாறினா ஒரு வருஷம் எந்தப் போட்டியும் கிடையாது, தெரியும்ல? உன் காலுக்கு அதுவும் நல்லதுதான். ஒண்ணு சொல்றேன் கேளு. நல்ல கால் உள்ளவ வந்து இதைக் கேட்டிருந்தா, என் பிணத்தைத் தாண்டித்தான் போயிருக்கணும்.”

கையெழுத்து கிறுக்கலாக விழுந்தது. அதன்மேல் முத்திரை ‘தொம்’மென்று இறங்கியது.

உல்யானா மை காயும்வரை ஊதினாள். கடிதத்தை மடித்து மேலங்கியின் உள்பைக்குள் வைத்து, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினாள். பிறகு குனிந்து கணுக்காலின் பட்டைக்கட்டைப் ‘பர்ர்’ரென்று பிரித்தாள். கழற்றிய பட்டையை ரிம்மாவின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கிளெபின் முகம் வெளுத்தது. “உல்யா, வேணாம். கெஞ்சிக் கேக்கறேன்.”

அவள் இரண்டு ஊன்றுகோல்களையும் அவன் நாற்காலியில் சாய்த்து வைத்தாள். கதவை நோக்கி நடந்தாள். இரண்டு கால்களும் ஒரே சீராக, அழுத்தமாக விழுந்தன.

“ஏய்! நில்லு! நீ… கால்… இந்த ஊன்றுகோல்?” ரிம்மா பாதி எழுந்த நிலையில் கத்தினாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியேறியவள் திரும்பாமலே சொன்னாள்:

“அது கிளெபோட அளவு, அன்னைக்கு முட்டி போனது அவனுக்குத்தான்.”