ஆயிரத்து இருநூறு ரூபாய் ரம்மி

"நரேன், ஆள் கிடைச்சாச்சுடா. தமிழ்ப் பொண்ணு. துவாரகாலேர்ந்து மெட்ரோவுல வரேங்கறா" என்று மகனுக்குப் போன் செய்தபோது ருக்மிணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பின்னே? பக்கவாதம் வந்த பிறகு இரண்டு மாதமாகக் கணவர் கல்யாணராமன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த இரண்டு பேர் படத்தைக் காட்டி, "யே க்யா ஹை?" (இது என்ன?) என்று இந்தியில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். தமிழ் கேட்டால் மட்டும்தான் மனிதர் நிமிர்ந்து பார்த்தார். டில்லி மயூர் விஹார் வாட்ஸ்அப் குழுக்களையெல்லாம் சலித்து ருக்மிணி பிடித்த தெரபிஸ்ட்தான் அகல்யா. ஒரு தடவை வர ஆயிரத்து இருநூறு ரூபாய். போனால் போகிறது, பேச்சு வந்தால் சரி.

"அங்கிளுக்கு எதுல ரொம்ப இஷ்டம் ஆன்ட்டி?" முதல் நாளே அகல்யா கேட்டாள்.

"ஆபீஸ்ல ஆடிட். ஆத்துல ரம்மி. ரெண்டுலயும் யாராவது தப்புப் பண்ணினா பொறுக்கவே மாட்டார்."

மறுநாள் அகல்யா சீட்டுக்கட்டோடு வந்து நின்றாள்.

எட்டாம் நாள் ருக்மிணி போனில் பொரிந்து தள்ளினாள். "ஒரு மணி நேரமும் சீட்டாட்டம்டா. அதுலயும் திருட்டு. ஒண்ணு எடுக்கற இடத்துல ரெண்டு எடுக்கறா. ஜோக்கரை மடியில வெச்சுக்கறா. அதையாவது ஒழுங்கா ஒளிக்கறாளா? அவர் கண்ணெதிர்லயே. வாயில்லாப் பூச்சின்னு இளக்காரம்."

"படிச்ச பொண்ணும்மா. இன்னும் ரெண்டு நாள் பாரேன்."

"நீ சொல்லுவே. பாத்துண்டு இருக்கறது நான்னா?"

ஒன்பதாம் நாள் ருக்மிணி பர்ஸும் கையுமாகக் கூடத்தில் காத்திருந்தாள். இன்றோடு பைசல் பண்ணி அனுப்பிவிட வேண்டியதுதான்.

ஆட்டம் சூடு பிடித்திருந்தது. கல்யாணராமனின் முகம் சிவந்து, இடது கை சீட்டுகளை இறுக்கிப் பிடித்திருந்தது. அகல்யா சாவதானமாக மடியிலிருந்து ஜோக்கரை எடுத்து நடுவில் செருகினாள்.

"ஷோ, அங்கிள். இன்னைக்கும் நான்தான்."

ருக்மிணிக்குப் பொங்கிவிட்டது. அகல்யாவுக்கு எதிரே போய் நின்றுகொண்டாள்.

"போதும்மா. இந்தா பணம். நாளைலேர்ந்து வர வேண்டாம். உடம்பு முடியாதவரை ஏமாத்தி ஜெயிக்கறயே, வெக்கமா இல்லே?"

"திரு... திருட்டாட்டம்."

"கேட்டியா? அவரே சொல்றார், திருட்டாட்டம்னு." ருக்மிணிக்கு வேகம் அடங்கவில்லை. "முப்பத்தெட்டு வருஷம் ஆடிட்ல இருந்தவர். அவர் கண்ணுல மண்ணைத் தூவிடலாம்னு பாத்தியா?"

அகல்யா கையிலிருந்த சீட்டுகளை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ஆன்ட்டி, இப்ப யார் சொன்னது?"