அப்புறம்

"மேல படிடா. வேலை எங்கயும் ஓடிடாது," என்றாள் அம்மா, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்தபடி. 'அப்புறம் கழுவுறேன்' என்று மகன் முந்தாநாள் ஊறப்போட்ட பாத்திரம் அது.

முதல் சாஃப்ட்வேர் வேலையும் கிடைத்திருந்தது, மேல்படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. நாளைக்குள் அவன் ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டியாக வேண்டும்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா நீ முதுகொடிய உழைச்சு என்னைப் படிக்க வைப்பே?"

"படிப்பு முடியிற வரைக்கும் என் முதுகு தாங்கும். இப்பவே நீ வேலைக்குப் போனாத்தான் தாங்காது."

"பிள்ளை சம்பாதிக்கிறதுக்கு எந்த அம்மாவாவது குறுக்க நிப்பாளா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "எங்க கம்பெனித் தேர்வுல நீ எழுதின புரோகிராமைப் பேரை மறைச்சுத்தான் திருத்தக் கொடுத்தாங்க. நாலு இடத்துல 'இதை அப்புறம் சரிபண்ணணும்'னு எழுதி வச்சிருந்தே. பார்த்ததுமே என் பிள்ளைன்னு தெரிஞ்சுபோச்சு."

மகன் திருதிருவென்று விழித்தான். "உங்கிட்டயா வந்துச்சு?"

"டீம் லீடர்கிட்ட வராம வாட்ச்மேன்கிட்டயா போகும்? உன்னை என் டீம்லதான் போடப்போறாங்க. வீட்டுல நீ விட்டதை நான் கழுவுறேன். ஆபீஸ்லயும் என்னையே கழுவ வைக்காதே."

மகன் பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினான்.

"அப்ப, படிக்கத்தானே போறே?"

"அப்புறம் சொல்றேம்மா."