ஈசல் தின்ற அயிரை

தவமணி தொட்டிப் பாலில் விட்ட அயிரை மீன்கள் வயிற்றிலிருந்ததைக் கக்கின. கக்கியது என்ன, மீனை உண்ணலாமா என்று அந்தப் பேசும் தொட்டியே சோதித்துச் சொன்னது. கோடை முழுக்க அதற்கு ஒரே பாட்டுதான்: "சேறு, பாசி. உண்ணலாம்."

இன்று, "ஈசல் இறகு. உண்ணலாம்" என்றது.

அவள் போனை எடுத்தாள். காலையில் ஆற்றின் மேற்பக்க மடுவில் பிடித்த மீன். மழை பெய்யாமல் ஈசல் ஏது? கணவன் சுருளி, மகளோடு கீழே வறண்ட ஆற்றின் நடுவே வெள்ளரி பறித்துக்கொண்டிருந்தான். போனில் கத்தினாள்.

"ஏங்க, அயிரை ஈசல கக்குது! மேல மழை பேஞ்சிருக்கு. பிள்ளையத் தூக்கிட்டுக் கரையேறுங்க!"

"இங்க வெயில் கொளுத்துது. தொட்டி திங்கலாம்னு சொல்லிருச்சுல்ல? கொழம்ப வையி."

அவனுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது.

"அப்பா, என் செருப்பு மிதந்து போகுது."