தொட்டியில் மொய்த்த எறும்பு

சர்க்கரை நோயாளிகளுக்கான ஃப்ளூ தடுப்பூசி வரிசையில், முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு திருடன் மாதிரி நின்றார் தையற்கடைக்காரர். முடி வெட்டப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார்.

சர்க்கரை என்று தெரிந்தால் மனைவி இடிந்துபோவாள். அதனால் அவள் தித்திப்பாய்க் கலந்து தரும் காபியை தினமும் பூந்தொட்டிக்குத்தான் கொடுப்பார். எறும்பு ஏன் வருகிறதென்றே தெரியாமல், பாவம், அவள் மருந்து தூவிக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்ட கையைப் பிடித்தபடி உள்ளேயிருந்து வந்தவளைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவி!

"உனக்குமா சர்க்கரை? ஏன் சொல்லல?"

"நீங்க இடிஞ்சுபோயிடுவீங்கன்னுதான்..." என்று இழுத்தவள் சட்டென்று முறைத்தாள். "அப்போ தினமும் நான் குடுத்த காபி?"

"தொட்டியில..."

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அதானே பார்த்தேன்! நான் ஊத்தற ஒரு டம்ளருக்கு இத்தனை எறும்பு எப்படி வரும்னு!"