சண்டைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

"இந்தப் பொம்பளைக்குப் பாடம் எடுக்கத் துப்பில்ல. என் பொண்ணக் குத்தம் சொல்ல மட்டும் தெரியுதாக்கும். அப்படியே சொல்லுடி."

மகளிடம் சொல்லிவிட்டு அம்மா நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தாள்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனால் முகத்தில் காட்ட முடியாதே. அவளுக்குத் தமிழ் தெரியும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

ஊரிலிருந்து இங்கிலீஷ் தெரியாமல் இந்த நாட்டுக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்குத் தனியாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. டீச்சருக்கு நம்ம பாஷை தெரியும் என்று தெரிந்தால் எந்த வாண்டு இங்கிலீஷுக்கு வாய் திறக்கும்? அதனால் சேர்ந்த நாளிலிருந்து, தமிழ் காதில் விழுந்தால் மரக்கட்டை மாதிரி நிற்பாள்.

அந்தத் தந்திரம் எல்லாரிடமும் பலித்தது, இந்தப் பத்து வயதுப் பெண்ணைத் தவிர. எட்டு மாசமாக வகுப்பில் ஒரு வார்த்தை கிடையாது. எழுதுவாள். படம் காட்டிப் பெயர் சொன்னால் சரியாகத் தொடுவாள். வாய்க்கு மட்டும் பூட்டு. பிள்ளைகள் வைத்த பெயர் மௌனசாமி.

நாளைக்கு ரிப்போர்ட் போக வேண்டும். 'பேச்சு' என்ற கட்டத்தில் பூஜ்யம் விழுந்தால், மௌனசாமியை ரெண்டு வகுப்பு கீழே இறக்கி மூக்கொழுகும் பொடிசுகளோடு உட்காரவைத்துவிடுவார்கள். அதை எழுதி அனுப்பித்தான் அம்மாவை வரச் சொன்னது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சேர்க்கைப் படிவத்திலேயே இருந்தது. தெரிந்தவர் யாரையாவது கூட்டிவரச் சொன்னால், மகளையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள்.

"என்னடி முழிக்கிற? சொல்லு."

பெண் எச்சில் விழுங்கினாள். அப்புறம் இங்கிலீஷில், மெதுவாக:

"அம்மா உங்களுக்கு வணக்கம் சொல்றாங்க. நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டுப் பாடம் எடுக்கிறீங்களாம்."

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாசத்தில் முதல் தடவை. முழுசாக ரெண்டு வாக்கியம். ரெண்டும் பச்சைப் பொய்.

விடக் கூடாது, இன்னும் நாலு வார்த்தை கறந்துவிட வேண்டும் என்று குரலைக் கடுமையாக்கி இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லு. நாலு மணிக்கு வரச் சொன்னா நாலரைக்கு வர்றாங்க. கொஞ்சமும் பொறுப்பில்ல."

பெண் தமிழுக்குத் திரும்பினாள். "வேலையிலேர்ந்து நேரா வந்திருக்கியே, களைப்பா இருக்குமேன்னு கேக்கறாங்கம்மா."

"களைப்பாவது கத்திரிக்காயாவது. மூஞ்சியப் பாரு, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி. இவ சொல்லிக்குடுத்து நீ கிழிச்ச. சொல்லு."

"உங்க முகம் ரொம்ப அமைதியான முகமாம். அம்மாவுக்குப் பிடிச்சிருக்காம். நீங்க சொல்லித்தர்றது எனக்கு நல்லாப் புரியுதாம்."

டீச்சர் சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டாள். "இந்த மாதிரி ஒரு அம்மாவ நான் பார்த்ததே இல்லன்னு சொல்லு."

"உன்ன மாதிரி அம்மா கிடைக்க நான் குடுத்துவெச்சிருக்கணுமாம்மா."

இப்படியே கால் மணி நேரம் போனது. அம்மா சூடு ஏற்ற, டீச்சர் ஏற்ற, நடுவில் பெண் டேபிள் ஃபேன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சூட்டைத் தணித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

கடைசியில் அம்மா எழுந்தாள். "போதும். நாளையிலேர்ந்து இந்த ஸ்கூலுக்கு ஒரு முழுக்குப் போட்டுட்டு வீட்டுல இரு. அதச் சொல்லிட்டு வா."

பெண் அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். இதை எப்படிப் புரட்டுவது என்று தெரியவில்லை. பொலபொலவென்று அழுதுகொண்டே இங்கிலீஷில் கொட்டினாள்.

"டீச்சர், அம்மாவத் தப்பா நினைக்காதீங்க. கோவம் வந்தா அப்படித்தான், ஆனா நல்லவங்க. என்னைக் கீழ் வகுப்புக்கு அனுப்பாதீங்க. எனக்குப் பேச வரும். தப்பாப் பேசினா எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயம். அதான் பேசல. நாளையிலேர்ந்து பேசறேன்."

நடுவில் ஏழெட்டுத் தப்பு. எதுவும் டீச்சர் காதில் ஏறவில்லை. இங்கிலீஷிலேயே சொன்னாள்:

"அனுப்பவே மாட்டேன். போய் முகம் கழுவிட்டு வா."

பெண் ஓடினாள். டீச்சர் ரிப்போர்ட்டை இழுத்து, பேச்சுக் கட்டத்தைத் தேடினாள். இப்படி ஒரு பஜாரிக்கு இப்படி ஒரு தங்கமா என்று மனசுக்குள் ஓடியது.

"எட்டு மார்க்குக்குக் குறையாமப் போடுங்க டீச்சர்."

இங்கிலீஷ். தங்குதடை இல்லாத, அழகான இங்கிலீஷ். டீச்சர் நிமிர்ந்தாள். அறையில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை.

"நான் ஒரு ஓட்டல்ல வரவேற்பறையில இருக்கேன். நாள் முழுக்க இங்கிலீஷ்தான்," என்றாள் அம்மா, வாசல் பக்கம் ஒரு கண் வைத்து. "வீட்டுல மட்டும் மூச்சு விடமாட்டேன். எனக்குத் தெரியும்னா எல்லாத்துக்கும் என்னையே பேசச் சொல்லிட்டு அவ என் பின்னால ஒளிஞ்சுக்குவா. இன்னைக்கு அவ வாயத் திறக்க வைக்க எனக்கு வேற வழி தெரியல. மன்னிச்சுக்குங்க. நல்லவேளை, நான் திட்டினது ஒண்ணும் உங்களுக்குப் புரியல."

டீச்சர் பேனாவை மூடினாள்.

"அடுத்த வாரமும் வாங்கக்கா," என்றாள் தமிழில். "இன்னும் கொஞ்சம் நல்லாத் திட்டுங்க. இன்னைக்குத் திட்டினது அவளுக்கு ரொம்பச் சுலபமாப் போச்சு."