கீழ்வீட்டு வயலின்

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் சாயங்காலமானால் எல்லா வீட்டிலும் ஒரே சீரியல்தான். கீழ்வீட்டு மதியின் டிவி மட்டும் எப்போதும் கொஞ்சம் முந்தி ஓடும். சீரியலைப் பற்றி மாமியாரிடம் நக்கலடிக்க மேல்வீட்டு வேம்புவுக்கு அது வசதி.

"கீழ சீரியல் வயலின் நின்னுடுச்சா? இப்ப பாரு அத்தே, இங்க ஒருத்தன் படில உருளுவான். மூஞ்சில நடிக்கத் துப்பில்ல, அம்பது பேர வச்சு வயலின் இழுக்குறானுங்க!"

அன்றைக்குப் பாதியில் கரண்ட் போனது. டிவி அணைந்தது. மதி வெளியே வந்து, "அக்கா, உங்க வூட்ல கரண்ட் கீதா?" என்று கத்தினாள்.

"எங்கயும் இல்லடி."

கீழே வயலின் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"கரண்ட் போயும் அடங்குதா பாரு சனியன்," என்றாள் வேம்பு.

வேலை முடிந்து அவள் புருஷன் பீம்ராவ் படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

வயலின் சட்டென்று நின்றது. செருப்புச் சத்தம் இன்னும் மேலே வந்துகொண்டிருந்தது.