சாய்ந்தமருதில் ஒரு குளிர் ஜக்கெட்

நான் அந்த ஜக்கெட்டைத் தூக்கிக் காட்டியதும் லைவில் இருந்த எழுபத்து மூன்று பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

சத்தம் வராது. மஞ்சள் முகங்களாகத் திரையில் மேலே மேலே மிதந்து போகும்.

"மாட்டுக்குப் போடவா?" என்று மருதமுனையிலிருந்து ஒருத்தி கேட்டிருந்தாள். "ஃபிரிட்ஜுக்குள்ள குடியிருக்கிற ஆக்களுக்கு" என்று இன்னொருத்தி பதில் போட்டிருந்தாள். ஃபோனைப் பிடித்திருந்த றிப்னா எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னாள்.

நியாயமான சிரிப்புத்தான். வெளியே ரோட்டுத் தாரில் செருப்பு ஒட்டுகிற வெயில். ஜக்கெட்டோ முழங்கால் வரை நீளம், பஞ்சு அடைத்தது, தொப்பியைச் சுற்றி உரோமம். பிடித்துக்கொண்டிருந்ததற்கே எனக்கு வேர்த்தது.

சனிக்கிழமைகளில் அஸர் தொழுதுவிட்டு எங்கள் முன்னறையில்தான் கடை. கடை என்றால் ஒரு பாய், ஒரு வெள்ளை விரிப்பு, பக்கத்து வளவு றிப்னாவின் ஃபோன். கல்முனையில் வெளிநாட்டுப் பழைய உடுப்பு மூட்டை பிரிக்கிற கடைக்கு வியாழக்கிழமை இரண்டு பேரும் போவோம். முழங்கை வரை விட்டுக் கிளறுவோம். தேறியதைக் கழுவி, அயன் பண்ணி, அறுந்த பட்டனைத் தைத்துச் சனிக்கிழமை காட்டுவோம்.

முகம் காட்டுவதில்லை. கைகளும் குரலும் என்னுடையவை. கொமன்ட் வாசிப்பதும், யாருக்கு எது என்று கொப்பியில் எழுதுவதும் றிப்னா. மூன்று வருடமாக இப்படித்தான்.

இந்த ஜக்கெட் அவள் இழுத்து எடுத்தது. "எங்கட ஊருக்கு இதா கா?" என்று கேட்டேன். ஆராவது கேட்பார்கள் என்றாள்.

"நல்லாச் சிரிங்க!" என்று கமெராவுக்குச் சொன்னேன். "மழைக்குள்ள மோட்டசைக்கிள்ல போகக்குள்ள என்னைத் தேடுவீங்க."

"சிப்பைப் பூட்டித் திறந்து காட்டட்டாம்" என்றாள் றிப்னா.

காட்டினேன்.

"உள்ளுக்குப் பொக்கட் இரிக்காவாம்."

இருந்தது. இரண்டு.

"ஒருக்காப் போட்டுக் காட்டட்டாம். கை நீளம் பாக்கணுமாம்."

அபாயாவுக்கு மேலே அதையும் மாட்டிக்கொண்டு கைகளை நீட்டினேன். மறுபடியும் மஞ்சள் முகங்கள்.

அப்போதுதான் அறுகம்பேயில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிற றிம்சான் நானா எழுதினார். தன்னிடம் தங்கியிருக்கும் ஒருவர் ஊருக்குத் திரும்புகிறாராம், அங்கே பனி கொட்டுகிறதாம், சொன்ன விலைக்கே எடுக்கிறாராம்.

நான் கை தட்டினேன். "பாத்தீங்களா! றிம்சான் நானாக்குப் போச்சு. எழுது றிப்னா."

றிப்னா எழுதவில்லை.

"அது முடிஞ்சி" என்றாள். "முன்னமே ஒராள் கேட்டுட்டாங்க."

"ஆரு?"

பாயிலிருந்து எழுந்து போய்த் திரையை எட்டிப் பார்த்தேன். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சிப்பைப் பற்றி ஒருவரும் கேட்டிருக்கவில்லை. பொக்கட், கை நீளம் ஒன்றும் இல்லை. மாடும் ஃபிரிட்ஜும்தான் இருந்தன.

றிப்னா மைக் இருக்கிற இடத்தைப் பெருவிரலால் பொத்தினாள்.

"எனக்குத்தான் கா. விசா வந்திட்டு."

அவளுடைய கணவர் றுமைஸ் கனடா போய் இரண்டு வருடம். விசா வருகிறது, வருகிறது என்று அவள் சொல்வதும் நான் பகிடி பண்ணுவதும் எங்களுக்குப் பழகிப்போன விசயம்.

"எப்ப வந்த?"

"திங்கக்கிழமை. உன்னட்டச் சொல்ல வாய் வரல்ல."

என் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கைகளை விரிப்பின் மேல் வைத்தேன். அடுத்து அவற்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"கை அப்படியே நிக்கிது, நெட் போயிட்டா?" என்று யாரோ கேட்டதைப் பழக்கத்தில் றிப்னா வாசித்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன், சத்தமாக. ஜக்கெட் விற்றதற்குச் சொல்கிறேன் என்று நினைத்து இருபது பேர் கீழே அல்ஹம்துலில்லாஹ் போட்டார்கள்.

றிம்சான் நானாவிடம் மாப்புக் கேட்டுவிட்டு, ஜக்கெட்டைக் கழற்றி வைத்து, ஒரு ரோஸ் கலர் ஃப்ரொக்கை எடுத்தேன். காட்டிக்கொண்டே யோசித்தேன். ஃபோனுக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கலாம். கொமன்டை நானே வாசிக்கலாம், எழுத்துத்தான் கொஞ்சம் பொடி. புருஷனைப் பார்க்கப் போகிறாள், பார்த்துவிட்டு வரட்டும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிற தன் மகள் நிஹ்லாவை உம்மாவிடம் விட்டுவிட்டு எத்தனை நாளைக்கு இவளால் இருக்க ஏலும்? ஒரு வருடம். கூடினால் ஒன்றரை.

மனம் லேசானது. குரல் திரும்பி வந்தது. ஃப்ரொக் அரை நிமிடத்தில் போனது.

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் லைவை முடித்தோம். றிப்னா ஜக்கெட்டை மடித்து ஒரு பைக்குள் திணிக்கப் பார்த்தாள். அது மடிய மறுத்தது. அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். போதவில்லை. நானும் உட்கார்ந்தேன். புஸ்ஸென்று காற்றுப் போனது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள். "வியாழக்கிழமை மூட்டை பிரிக்கக்குள்ள இதுமாதிரிச் சின்னதொண்டும் பாக்கணும் கா. நிஹ்லாக்கு."

பையின் சிப்பைப் பூட்டிக்கொண்டிருந்த என் கை நின்றது.

"எட்டு வயசுச் சைஸ்தானே?" என்று மட்டும் கேட்டேன்.

"பன்னண்டு வயசுக்குப் பாரு" என்றாள் றிப்னா, என் முகத்தைப் பார்க்காமல். "போட்டு வளரட்டும்."